பழைய வார்ப்பும் புதிய எண்களும்



சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் வாழ்வோர் நாளிதழைப் பிரித்தால், மழைக்காலத்திலும் கோடையிலும் அடிக்கடி கண்ணில் படும் சிறு அட்டவணை ஒன்று உண்டு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் பெயர்கள் ஒருபுறம் நிற்கும். முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்று எண்கள் மறுபுறம் நிற்கும். அட்டவணையின் உருவம் அப்படியே இருக்க, எண்கள் மட்டும் நாள்தோறும் மாறுகின்றன. இந்த எண்களைக் கணிப்பொறியின் விரிதாளில் இட்டுப் பட்டைகளாகவும் கோடுகளாகவும் வரைந்து பார்ப்பது இன்று பள்ளிச் சிறுவர்க்கும் எளிதாகிவிட்டது. ஒருமுறை செம்மையாக வரைந்த படத்தை வார்ப்புருவாக வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் புதிய எண்களை இட்டுப் புதிய படம் பெறுவது அதனினும் எளிது. அந்த எளிமையைப் பற்றியும், அதனுள் மறைந்து கிடக்கும் சில பள்ளங்களைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன். வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகவே நான் சொல்லும் பட்டைகளை நீங்கள் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விரிதாள் பிறந்த கதையே ஒரு கரும்பலகையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் பெரியதொரு கணக்குப் பட்டியலை எழுதினார். ஓர் எண்ணைத் திருத்த நேர்ந்தபோது, அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுதவேண்டியதாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின் என்னும் மாணவருக்கு, ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றியது. அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டன் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 கணக்கோடு வரைபடத்தையும் இணைத்துத் தந்தது. எக்செல் 1985-இல் மெக்கின்டோஷ் கணிப்பொறிக்காக முதலில் வெளிவந்தது. அவற்றின் வரலாற்றை விரித்துரைக்க இங்கு நேரமில்லை. ஆனால் எண் மாறினால் படமும் மாறும் என்ற அந்த வசதியிலிருந்தே வார்ப்புரு என்னும் எண்ணமும் முளைத்தது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

எக்செலில் ஒரு வரைபடத்தை நன்கு அமைத்தபின், அதன் மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, வார்ப்புருவாகச் சேமிக்கும்படி கட்டளையிடலாம். படத்தின் வகை, வண்ணங்கள், எழுத்தின் அளவு, அச்சுகளின் அமைப்பு ஆகியவை ஒரு கோப்பில் தங்கிவிடும். எண்கள் அதில் தங்கா. பிறகு வேறு எண்களைத் தெரிவுசெய்து அந்த வார்ப்புருவை அழைத்தால், புதிய எண்கள் பழைய உடையை உடுத்திக்கொண்டு வந்து நிற்கும். இந்த முறை வேண்டாமென்போர், எண்களும் படமும் சேர்ந்திருக்கும் தாளை முழுவதுமாக நகலெடுத்து, பழைய எண்களை நீக்கிவிட்டுப் புதியவற்றை எழுதிக்கொள்வர். இரண்டும் நல்ல வழிகளே. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டியவருக்கு இவற்றால் மிச்சமாகும் நேரம் சிறிதன்று. எல்லாப் படங்களும் ஒரே உருவில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிதாகிறது.

வார்ப்புரு என்ற சொல்லைப் பாருங்கள். வார்ப்பு என்பது உலோகத்தை உருக்கி ஊற்றும் தொழில். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அத்தொழில் செய்வோர் பலர். மரத்தாலோ உலோகத்தாலோ மாதிரி உரு ஒன்றைச் செய்து, மணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம் உண்டாகும். அதில் உருகிய உலோகத்தை ஊற்றி ஆறவிட்டால் பொருள் கிடைக்கும். ஒரே மாதிரியைக் கொண்டு நூற்றுக்கணக்கான பொருள்களை வார்க்கலாம். ஆனால் அந்த மாதிரியைச் செய்கிறவர் ஒன்றை மறப்பதில்லை. உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகவே மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். எஃகோ ஏறத்தாழ இரண்டு பங்கு சுருங்கும். வார்ப்பிரும்பில் 1000 மில்லிமீட்டர் நீளமுள்ள பொருள் வேண்டுமென்றால், மாதிரி 1010 மில்லிமீட்டர் இருக்கும். அதே மாதிரியில் எஃகை ஊற்றினால் என்ன ஆகும்? கிடைக்கும் பொருள் 990 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். பார்வைக்கு எக்குறையும் தெரியாது. பொருத்தும் இடத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் பத்து மில்லிமீட்டர் குறைவது புலப்படும்.

வார்ப்பட மாதிரிக்குள் ஓர் உலோகத்தின் இயல்பு ஒளிந்திருப்பது போலவே, வரைபட வார்ப்புருவுக்குள்ளும் அது முதன்முதலில் தாங்கிய எண்களின் இயல்பு ஒளிந்திருக்கிறது. எத்தனை ஏரிகள், எந்த அலகு, எவ்வளவு பெரிய எண், எந்த மாதத்தில் தொடங்கும் ஆண்டு என்பனவெல்லாம் அந்த உருவுக்குள் உறைந்து கிடக்கும். புதிய எண்கள் அதே இயல்பினவாக இருக்கும்வரை தொல்லை இல்லை. ஏரிக் கணக்கையே எடுத்துக்கொண்டு இதனைப் பார்ப்போம்.

நம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றின் கண்காட்சியில் இரண்டு படங்களை அடுத்தடுத்து மாட்டியிருந்தார்கள். ஒன்றின் தலைப்பு ஏரிகளின் நீர் இருப்பு, ஜூன் 2018. மற்றதன் தலைப்பு ஏரிகளின் நீர் இருப்பு, ஜூன் 2019. வண்ணமும் எழுத்தும் மிக அழகு. பார்த்தவர் பலரும் பாராட்டிச் சென்றனர். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் நின்று, “ஐயா, 2019-ஆம் வருடம் ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களாமே, ஏரியில் இவ்வளவு தண்ணீர் இருந்தால் ரயில் எதற்கு?” என்று கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இரண்டு படங்களிலும் பட்டைகள் மயிரிழையும் மாறாமல் ஒரே உயரத்தில் நின்றன!

நடந்தது இதுதான். பழைய தாளிலிருந்து வரைபடத்தை மட்டும் நகலெடுத்துப் புதிய தாளில் ஒட்டியிருந்தார்கள். அப்படி ஒட்டிய படம் புதிய தாளில் அமர்ந்திருந்தாலும், பழைய தாளின் எண்களையே நோக்கிக்கொண்டிருக்கும். தலைப்பைக் கையால் திருத்திவிட்டார்கள். உள்ளே ஓடும் தொடர்பைத் திருத்தவில்லை. தாளை முழுவதுமாக நகலெடுத்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது, ஏனெனில் அப்போது படம் தன்னோடு வந்த புதிய எண்களை நோக்கும். எம்முறையைக் கையாண்டாலும் சோதித்து அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஏதாவது ஓர் ஏரியின் எண்ணை வேண்டுமென்றே பத்து மடங்காக்கிப் பாருங்கள். பட்டை துள்ளி எழுந்தால் படம் உயிரோடு இருக்கிறது. அசையாமல் நின்றால் அது சென்ற ஆண்டின் படம். பிறகு எண்ணைப் பழையபடி திருத்திவைக்க மறந்துவிடாதீர்கள். தலைப்பையும் கையால் எழுதாமல், தலைப்பைத் தெரிவுசெய்து, சூத்திரப் பட்டையில் சமக்குறி இட்டு, ஆண்டு எழுதிய கட்டத்தோடு இணைத்துவிடலாம். கட்டத்தில் ஆண்டு மாறினால் தலைப்பும் மாறும்.

அச்சிறுமி கேட்ட கேள்வியின் பின்னணியையும் சொல்லவேண்டும். 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோயின. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்துசேர்ந்தது. புழல் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் வரத் தொடங்கியது 1872-இல். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது 1940-இல். அதற்காக முயன்ற சென்னை மேயர் சத்தியமூர்த்தி 1943-இல் மறைந்தார். மறு ஆண்டு திறக்கப்பெற்ற நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கிற்று. இத்தனை முயற்சிகளுக்குப் பின்னும் ரயிலை நாட வேண்டி வந்தது என்றால், அந்தக் கோடையின் கொடுமையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அதைக் காட்டவேண்டிய படம் நிறைந்த ஏரிகளைக் காட்டினால், பார்த்துவிட்டுப் போகிறவன் எதைக் கற்றுக்கொண்டு போவான்?

அடுத்து ஏரிகளின் எண்ணிக்கை. நெடுங்காலம் அட்டவணையில் நான்கு ஏரிகளே இருந்தன. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்னும் இரு ஏரிகளை இணைத்துப் புதிய நீர்த்தேக்கம் அமைத்தார்கள். அது 2020 நவம்பரில் திறக்கப்பெற்றது. தேர்வாய்கண்டிகை என்றால் உங்களில் பலருக்குச் சிப்காட் தொழிற்பூங்காதான் நினைவுக்கு வரும். அதே ஊர்ப் பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கம்தான் இது. அன்றுமுதல் அட்டவணையில் ஐந்து நிரைகள் வந்தன. நான்கு நிரைகளுக்கென்று அமைத்த படமோ ஐந்தாவது நிரையைக் காணாமலே வரைந்துகொண்டிருக்கும். படம் பிழையென்று கணிப்பொறி சொல்லாது. நான்கு பட்டைகளை அழகாக வரைந்துவிட்டு அமைதியாக இருக்கும். எண்களின் தொகுதியை விரிதாளில் அட்டவணையாக அறிவித்துவிட்டால், அதன் அடியில் புதிய நிரை சேரும்போது படமும் தானே நீண்டு அதனை உட்கொள்ளும். கண்ட்ரோல் விசையோடு டி என்ற விசையை அழுத்தினால் போதும். இச்சிறு செயலைக் கற்றுக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் இடர்ப்படுவோரை நான் அலுவலகங்களிலும் கண்டிருக்கிறேன்.

இங்கே வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். கோட்டு வரைபடத்தில் ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு வண்ணம் கொடுத்திருப்பீர்கள். வார்ப்புரு ஏரியின் பெயரை அறியாது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற வரிசையை மட்டுமே அறியும். புதிய ஏரியை அகர வரிசைப்படி முதலில் வைத்தால், பூண்டியின் நீலம் கண்ணன்கோட்டைக்குப் போய்விடும். சோழவரத்தின் பச்சை பூண்டிக்குப் போய்விடும். சென்ற ஆண்டுப் படத்தைப் பார்த்துப் பழகிய கண், நீலக் கோட்டைப் பூண்டியென்றே எண்ணிப் படிக்கும். புதியவரை வரிசையின் கடைசியில் நிற்கச் செய்வதே நல்லது.

எண்ணிக்கையைவிட நுட்பமானது கொள்ளளவு. ஏரியில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீர் இருக்கிறது என்று காட்டும் படங்கள் பல. இருப்பை முழுக் கொள்ளளவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வகுக்கும் எண்ணைச் சிலர் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். ஏரியின் கொள்ளளவு மாறவா போகிறது என்பது அவர்கள் எண்ணம். மாறியிருக்கிறதே! சோழவரம் ஏரியின் கொள்ளளவு முன்பு 881 மில்லியன் கன அடியாகக் குறிக்கப்பெற்றது. இப்போது 1081 மில்லியன் கன அடி. பழைய வார்ப்புருவில் 881 உறைந்து கிடந்தால், நிறைந்த சோழவரம் நூற்றுக்கு 122 பங்குக்கு மேல் நிறைந்ததாகக் காட்டும். அவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். ஆகவே அதைப் பற்றிக் கவலையில்லை. ஏரியில் 700 மில்லியன் கன அடி இருக்கும்போது 65 என்று காட்டவேண்டிய இடத்தில் 79 என்று காட்டுமே, அதுதான் யார் கண்ணிலும் படாது. கொள்ளளவைத் தனி நிரலில் எழுதி, சூத்திரம் அந்தக் கட்டத்தை நோக்கும்படி செய்வதே முறை. அப்போது கொள்ளளவு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கையும் முழுவதாக நம்பிவிட வேண்டாம். புழலின் கொள்ளளவு 3300 மில்லியன் கன அடி. கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையின் கொள்ளளவு 500. பின்னது முற்றும் நிறைந்து 100 என்று நிற்க, புழல் 20 என்று நின்றால், படத்தைப் பார்ப்பவர் புதிய ஏரியே நகருக்குப் பெரிய துணை என்று நினைப்பர். ஆனால் புழலின் அந்த 20 பங்கு 660 மில்லியன் கன அடி. நிறைந்த சிறு ஏரியைவிடக் காலியான பெரிய ஏரியில் நீர் மிகுதி. ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2 கோடியே 83 லட்சம் லிட்டர் என்பதையும் நினைத்துக்கொண்டால், இந்த வேறுபாடு சிறிதன்று என்பது விளங்கும். ஆழத்தை அடிக்கணக்கில் காட்டும் வார்ப்புருவில் இன்னும் பெரிய மயக்கம் நேரும். கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையின் ஆழம் 36 அடிக்கு மேல். புழலின் ஆழம் 21 அடியளவே. ஆழத்துக்கென்று செய்த வார்ப்புருவில் கொள்ளளவையும், கொள்ளளவுக்கென்று செய்ததில் ஆழத்தையும் ஊற்றுவது, வார்ப்பிரும்பு மாதிரியில் எஃகை ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

அச்சின் அளவுத்திட்டத்துக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் நீங்கள் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடத்தாளை வாங்கியதும் வலப்பக்க மேல் மூலையில் என்ன எழுதுகிறீர்கள்? அளவுத்திட்டம்: x அச்சில் 1 செ.மீ. = இத்தனை அலகு, y அச்சில் 1 செ.மீ. = இத்தனை அலகு என்று எழுதுகிறீர்கள். எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். கையால் வரைந்த காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அளவுத்திட்டத்தைப் புதிதாக எண்ணித் தெரிந்தெடுத்தே தீரவேண்டியிருந்தது. பெரிய எண் எது, சிறிய எண் எது, தாளில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று பார்த்த பிறகே பென்சிலை எடுப்போம். வார்ப்புரு இந்தச் சிந்தனையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்கிறது என்பதைச் சொல்லிவிட்டாவது வாங்கிக்கொள்ளலாம், அதுவும் இல்லை.

2019 கோடையில் ஒருவர் வார்ப்புரு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏரிகளில் சில பத்து மில்லியன் கன அடிகளே இருக்கின்றன. பட்டைகள் தெரியவேண்டுமே என்று y அச்சை 0 முதல் 100 வரை என நிலைப்படுத்துகிறார். அந்தக் கோடைக்கு அது சரியே. மழைக்குப் பின் அதே வார்ப்புருவில் ஆயிரக்கணக்கான எண்களை இட்டால், எல்லாப் பட்டைகளும் கூரையை முட்டி ஒரே உயரத்தில் நிற்கும். 700 உள்ள ஏரியும் 3000 உள்ள ஏரியும் ஒன்றுபோல் தோன்றும். மழையளவுப் படத்திலும் இதே கதைதான். சென்னையில் 2015 நவம்பர் மாதத்தில் 1049 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1918 நவம்பருக்குப் பின் அவ்வளவு பெரிய நவம்பர் மழை வந்ததில்லை. ஒரு மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் வருவது அரிது என்று எண்ணி 500-இல் கூரை போட்ட வார்ப்புரு, அந்த நவம்பரை ஒரு சாதாரண நல்ல மழை மாதமாகக் காட்டும். ஊர் வெள்ளத்தில் மூழ்கிய காலத்தைப் படம் கூரைக்கு மேலே விட்டுவிடும்.

அப்படியானால் அளவைக் கணிப்பொறியே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? அதிலும் ஒரு மயக்கம் உண்டு. கணிப்பொறி ஒவ்வொரு முறையும் அந்தந்த எண்களுக்கு ஏற்பக் கூரையை உயர்த்தும், தாழ்த்தும். வறண்ட ஆண்டின் 60 மில்லியன் கன அடியும், செழித்த ஆண்டின் 3000 மில்லியன் கன அடியும் தத்தம் படத்தில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். அச்சில் உள்ள எண்களைப் படிப்பவருக்கே வேறுபாடு தெரியும். சுவரில் மாட்டிய படத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆண்டோடு ஆண்டை ஒப்பிடுவதற்கான படம் என்றால், அச்சைப் பெரிய ஏரியின் முழுக் கொள்ளளவில் நிலைப்படுத்துவதே தக்கது என்பது என் கருத்து. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3645 என்பதால், 4000 என்று வைத்துக்கொள்ளலாம். வறட்சியில் பட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகக் கிடக்குமே என்பீர்கள். கிடக்கட்டும். 2019 ஜூனில் ஏரிகள் அப்படித்தானே கிடந்தன! அந்த ஒரு கோடையையே நுணுகி ஆராய்வதானால் அதற்கு வேறு படம் வரைந்துகொள்க.

பழைய உருவம் புதிய எண்களுக்குப் பொருந்தாதபோது என்ன செய்வது என்பதற்கு வரைபடக் கலையின் தொடக்கத்திலேயே ஓர் அருமையான சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வாணிகம் பற்றிய வரைபட நூல் ஒன்றை வெளியிட்டார். இங்கிலாந்து பிற நாடுகளோடு செய்த ஏற்றுமதியும் இறக்குமதியும் ஆண்டுதோறும் எவ்வாறு ஏறி இறங்கின என்பதைக் கோடுகளால் காட்டினார். நூலில் உள்ள 44 படங்களில் 43 அத்தகையவை. இன்றைய சொல்லில் சொன்னால், ஒரே வார்ப்புருவில் பல நாட்டுக் கணக்கையும் பிறவற்றையும் ஊற்றி எடுத்தார். ஸ்காட்லாந்தின் வாணிகத்துக்கு வந்தபோது அவரிடம் பல ஆண்டுக் கணக்கு இல்லை. 1780-81 என்ற ஓர் ஆண்டின் கணக்கே இருந்தது. ஓராண்டுக் கணக்கைக் கொண்டு கோடு இழுப்பது எங்ஙனம்? பழைய உருவத்துக்குள் அதைத் திணிக்காமல், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டை வைத்துப் புதுவகைப் படம் ஒன்றை வரைந்தார். இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் வரையும் பட்டை வரைபடம் அச்சேறி நூலில் வந்தது அப்படித்தான். ஆண்டு வரிசை இல்லாத குறைபாட்டால் அந்தப் படத்தில் தமக்கு முழு நிறைவில்லை என்ற தொனியிலேயே அவர் அதனைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது வேடிக்கை.

தொழிற்சாலைகளில் வேலைக்குச் செல்லப்போகும் மாணவர்களுக்காக ஒன்று. எஃகுக் கம்பி உருட்டும் ஆலையில் மணிக்கொரு முறை கம்பியின் விட்டத்தை அளந்து ஒரு படத்தில் புள்ளி வைப்பார்கள். நடுவே ஒரு கோடும், மேலும் கீழும் எல்லைக் கோடுகளும் இருக்கும். புள்ளி எல்லையைத் தாண்டினால் எந்திரத்தில் ஏதோ கோளாறு என்று தேடத் தொடங்குவர். 1924-இல் அமெரிக்காவில் வால்ட்டர் ஷூஹார்ட் வகுத்த முறை இது. பேராசிரியர் மகாலனோபிஸின் அழைப்பை ஏற்று அவர் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்து இம்முறையைப் பற்றி நம் நாட்டில் விளக்கினார். நாள்தோறும் புதிய எண்கள் இடப்பெறும் வார்ப்புருவுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் அந்த எல்லைக் கோடுகள் அந்த எந்திரம் முன்பு தந்த அளவுகளிலிருந்து கணக்கிடப்பெற்றவை. எந்திரத்தை மாற்றியபின்னும் பழைய எல்லைகளை வைத்துக்கொண்டு புள்ளியிட்டால், கோளாறு உள்ளபோது படம் வாய்மூடி இருக்கும். அல்லது கோளாறு இல்லாதபோது வீணாகக் கூவி வேலையை நிறுத்தும். எது நேர்ந்தாலும் இழப்பு ஆலைக்கும் தொழிலாளிக்கும்தான்.

ஆண்டின் தொடக்கம் எது என்பதும் வார்ப்புருவுக்குள் உறைந்திருக்கும் என்று முன்பு குறிப்பிட்டேன். ஆலையின் உற்பத்திப் படம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், ஏனெனில் கணக்காண்டு அவ்வாறு. வீட்டு நாட்காட்டி ஜனவரியில் தொடங்கும். ஏரிக்கு இவ்விரண்டும் பொருந்தா. நம் பகுதிக்குப் பெரும் மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. ஏரி அப்போது நிறைந்து, பிறகு கோடை முழுவதும் குறைந்துகொண்டே போகிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை வரைந்தால், ஏற்றம் ஒரு படத்தின் வலக்கோடியிலும், அதன் பயனாகிய இறக்கம் மற்றொரு படத்தின் இடக்கோடியிலும் பிரிந்து நிற்கும். 2018-இன் பருவமழை பொய்த்ததற்கும் 2019 கோடையின் தவிப்புக்கும் உள்ள தொடர்பை எந்தப் படமும் காட்டாது. ஜூனில் தொடங்கி மே மாதத்தில் முடியுமாறு அமைத்தால், ஒரு மழையின் முழு வாழ்க்கையும் ஒரே கோட்டில் தெரியும். கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்துசேரும் மாதங்களில் கோடு சற்று நிமிர்வதையும் அதில் காணலாம். 1983-இல் உடன்பாடு ஆகி 1996-இல் முதலில் வந்த நீர் அது.

கடைசியாக வெற்றுக் கட்டத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒரு நாள் அளவெடுக்கப்படவில்லை என்றால் கட்டத்தை வெற்றாக விடவேண்டும். ஏரி வறண்டிருந்தால் சுழியம் எழுதவேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வெற்றுக் கட்டத்தைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும்படி வார்ப்புருவில் முன்பே அமைத்திருந்தால், அளவெடுக்காத நாளில் ஏரி ஒரே நாளில் வற்றி மறுநாளே நிறைந்ததுபோலக் கோடு பள்ளத்தில் விழுந்து எழும். கோடு அங்கே விட்டுப்போகும்படி அமைப்பதற்கு விரிதாளில் வழி இருக்கிறது. ஐந்து ஏரிகளின் பத்தாண்டுக் கணக்கை வரைய விரும்பும் மாணவர் இதை முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். 2019 ஜூனில் புழலுக்கு எதிரே உள்ள கட்டத்தில் சுழியத்தை நெருங்கிய எண் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள், அது நடந்தது. அதே நிரையில் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகைக்கு உரிய கட்டத்தை வெற்றாக விடுங்கள். அந்த நீர்த்தேக்கம் அப்போது திறக்கப்படவேயில்லை.